கணக்கும் ஓர் ஆயுதம்!

– இரண்டாமாண்டு மாணவன், ஜவுளித் தொழில்நுட்பம்



ஆராய்ச்சி என்றாலே நமக்கெல்லாம் வெள்ளைக் கோட்டும் சோதனைக் குழாயும்தான் ஞாபகம் வரும். ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரவு செலவு கேட்டு எழுதுவதும் ஆராய்ச்சிதான். அது உலக நாடுகளின் சபை வரை போய்ப் பேசும். நாம் மில்லில் நூற்கப்போகிற பருத்தியை வைத்தே இதை விளக்குகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்று ஒரு சிறிய நாடு. பருத்திதான் அதன் முக்கிய ஏற்றுமதி. விளைவிப்பவர்கள் சின்னச் சின்னக் குடும்பங்கள். 2000 டிசம்பரிலிருந்து 2002 மே வரை உலகச் சந்தையில் பஞ்சு விலை சுமார் 40 சதவீதம் விழுந்தது.

பொதுவாக விலை இறங்கினால் விவசாயி அடுத்த வருஷம் பரப்பைக் குறைப்பார், வரத்து குறையும், விலை மறுபடி ஏறும். ஆனால் அமெரிக்க அரசு தன் விவசாயிகளின் நஷ்டத்தை மானியம் கொடுத்து ஈடுகட்டியது. அதனால் அங்கே விளைச்சல் குறையவில்லை. மிஞ்சிய பஞ்சு ஏற்றுமதிக்கு வந்து விலையை இன்னும் அமுக்கியது. பெனின் விவசாயிக்கு ஈடுகட்ட யார் இருக்கிறார்கள்?

இரண்டு நிறுவனம், ஒரு கணக்கு

"எங்கள் ஜனங்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்று சொன்னால் மட்டும் பெரிய நாடுகள் கேட்காது. எத்தனை பேர், எவ்வளவு என்று கேட்பார்கள். பெனினிடம் அதற்குப் பதில் இருந்தது. வாஷிங்டனில் உள்ள சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும், பெனினிலேயே உள்ள லாரஸ் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 1998-லேயே சுமார் 900 விவசாயக் குடும்பங்களிடம் கணக்கெடுத்து வைத்திருந்தன. ஒருவரிடம் கணிப்பு முறை இருந்தது. இன்னொருவருக்கு ஊரும் பாஷையும் தெரியும். ஒருவரை விட்டால் மற்றவரால் ஆகாது.

அந்தக் கணக்கை வைத்து 2002-ல் ஆய்வு வெளிவந்தது. விவசாயி கைக்கு வரும் விலை 40 சதவீதம் குறைந்தால் கிராமத்தில் தலைக்கு வருமானம் 7 சதவீதம் குறையும். 3,34,000 பேர் புதிதாக வறுமைக் கோட்டுக்குக் கீழே போவார்கள் என்றது அந்த ஆய்வு. தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டவில்லை, முன்னாலேயே வெட்டி வைத்திருந்தார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்.

சபையில் நடந்தது

2003-ல் பெனின், புர்கினா பாசோ, மாலி, சாட் ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் பருத்தி மானியத்தை எதிர்த்துக் கோரிக்கை வைத்தன. 2002-ல் பிரேசில் தொடுத்த வழக்கில் பெனினும் சாடும் மூன்றாம் தரப்பாகச் சேர்ந்தன. 2005-ல் மேல்முறையீட்டிலும் பிரேசில் ஜெயித்தது. 2014-ல் அமெரிக்கா 30 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. அந்தப் பணம் போனது பிரேசிலுக்குத்தான், பெனினுக்கு அல்ல. 2015-ல் நைரோபி மாநாட்டில் ஏற்றுமதி மானியத்தை ஒழிக்க முடிவானது. உள்நாட்டு மானியப் பிரச்சினை இன்னும் தீரவில்லை.

அப்படியானால் கணக்கெடுத்து என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். கணக்கு மட்டும் ஜெயிக்க வைக்காது, உண்மைதான். ஆனால் கணக்கு இல்லாதவனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

எங்கப்பா கரிசக்காட்டில் இரண்டு ஏக்கர் பருத்தி போடுகிறவர். கமிஷன் கடைக்காரர் சொல்வதுதான் அவருக்கு விலை. "ஏன்டா, இந்த வெலய யாருடா வைக்கிறது?" என்று என்னைக் கேட்பார். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக்கை. ஒரு பகுதிப் பதிலைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். மீதிப் பதில் எங்க ஊர்க் கணக்கில் இருக்கிறது. அதை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

ஒவ்வொரு மாணவரும் விடுமுறையில் தன் ஊரில் பத்து வீட்டுக்குப் போகட்டும். விதை, உரம், மருந்து, எடுப்புக் கூலி, விற்ற விலை, வாங்கிய கடன் ஆகிய ஆறையும் எழுதட்டும். அடுத்த வருஷமும் அதே வீடுகள், அதே கேள்விகள். பக்கத்துக் கலைக் கல்லூரிப் பொருளாதாரத் துறை மாணவர்களையும் கூட்டுச் சேர்க்கலாம். அவர்களுக்குக் கணக்குப் போடும் முறை தெரியும், நமக்குப் பஞ்சின் தரம் தெரியும். வீட்டுக்காரர் பெயரை வெளியிடாமல், எழுதியதை முதலில் அவர்களிடமே வாசித்துக் காட்ட வேண்டும்.

நமது மாணவர் பேரவை இதை வரும் ஆண்டே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும். எழுதுவோம் தோழர்களே!