டிரிப்ஸ் திரவமும் இரத்தத்தின் அமிலச் சமநிலையும்: எதை, எப்போது ஏற்றுவது

0.9% சலைனில் லிட்டருக்குச் சோடியம் 154 மில்லிமோல், குளோரைடும் 154. இரத்தத்திலோ சோடியம் 140 அளவில் இருக்க, குளோரைடு 100-ஐ ஒட்டியே நிற்கும். அமிலச் சமநிலையைக் குலைப்பது இந்த உபரிக் குளோரைடுதான். பாட்டிலில் உள்ள திரவத்தின் பிஎச் அல்ல: ரிங்கர் லாக்டேட்டின் பிஎச்சும் 7-க்குக் கீழேதான், ஆனாலும் அது இரத்தத்தை அமிலமாக்குவதில்லை.

இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் முதலான நேர் அயனிகள், குளோரைடு, லாக்டேட் போன்ற எதிர் அயனிகளைவிடச் சுமார் 40 மில்லிமோல் கூடுதல். அந்த இடைவெளியின் பெரும்பகுதியை நிரப்புவது பைகார்பனேட். சலைனில் இடைவெளியே கிடையாது. லிட்டர் கணக்கில் ஏற்றினால் பைகார்பனேட் இறங்கும். ரிங்கர் லாக்டேட்டில் குளோரைடு 109, லாக்டேட் 28. லாக்டேட்டைக் கல்லீரல் எரித்துவிட, 28 இடைவெளி மிஞ்சும்; இரத்தத்தின் பைகார்பனேட் 24 என்பதால் சமநிலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். பிளாஸ்மாலைட்டில் குளோரைடு 98 மட்டுமே. லாக்டேட்டுக்குப் பதில் அசிடேட்டும் குளுக்கோனேட்டும் உள்ளதால், கல்லீரல் மிகவும் கெட்டவர்களுக்கு அது ஏற்றது, விலைதான் அதிகம்.

வயிற்றுப்போக்கில் பைகார்பனேட் வெளியேறுவதால் ரிங்கர் லாக்டேட்டே முதல் தேர்வு. காலராவுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதையே. ஓயாத வாந்தியில் நிலைமை தலைகீழ்: குளோரைடை இழந்து இரத்தம் காரமாகியிருக்கும், அங்கே சலைன்தான் மருந்து. தலைக்காயத்திலும் சலைனே நல்லது. ரிங்கர் லாக்டேட் சற்று நீர்த்தது, மூளை வீக்கத்தைக் கூட்டக்கூடும்.

நீரிழிவுக் கீட்டோஅமிலத்தன்மையில் கூடுதல் கவனம் வேண்டும். சலைன் ஏற்றிய மறுநாள் கீட்டோன் அடங்கியிருக்கும். பைகார்பனேட் மட்டும் 15, 16 என்று ஏறாமல் நிற்கும். நோய் தீரவில்லை என்று இன்சுலினைக் கூட்டும் முன், குளோரைடையும் அயனி இடைவெளியையும் (சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வருவது) பார்த்துவிட வேண்டும். அந்த அயனி இடைவெளி இயல்பாகி, குளோரைடு 112-ஐத் தொட்டிருந்தால் மிச்ச அமிலத்தன்மை சலைன் தந்தது.

பொட்டாசியம் கூடியவருக்கு ரிங்கர் லாக்டேட் ஆகாது என்ற பயம் பரவலானது, ஆனால் ஆதாரமற்றது. அதிலுள்ள பொட்டாசியம் லிட்டருக்கு வெறும் 4 மில்லிமோல். சலைன் தரும் அமிலத்தன்மையோ செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே தள்ளும்.

தீவிர சிகிச்சையில் இத்திரவங்களுக்கிடையே வித்தியாசம் சிறிது. அமெரிக்காவில் 15,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து, 2018-இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில், மரணம் அல்லது கடும் சிறுநீரகப் பாதிப்பு சலைன் பெற்றவர்களில் 15.4%, ரிங்கர் லாக்டேட் அல்லது பிளாஸ்மாலைட் பெற்றவர்களில் 14.3%. 2022-இல் வந்த பிளஸ் ஆய்வில் இறப்பு விகிதத்தில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. ஓரிரு பாட்டில்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை; பல லிட்டர் ஏற்றும்போதுதான் தேர்வு முக்கியமாகிறது. இரத்தம் ஏறும் அதே குழாயில் மட்டும் ரிங்கர் லாக்டேட் கூடாது: அதன் கால்சியம் இரத்தத்தை உறையவைக்கலாம்.