வண்டியே பார்த்துக்குமா? ‘அடாஸ்’ நம்பிக்கைகளும் நிஜமும்

கார் ஷோரூமில் மைலேஜுக்கு முன்பாகவே இப்போது ‘அடாஸ்’ (ஓட்டுநருக்கு உதவும் மின்னணு வசதிகள்) பேச்சு வந்துவிடுகிறது. “லெவல் 2 சார், வண்டியே பிரேக் போட்டுக்கும்” என்பார் விற்பனையாளர். 2021-இல் மஹிந்திரா எக்ஸ்யூவி700, எம்ஜி ஆஸ்டர் வழியாக நடுத்தர விலைக்கு இறங்கி வந்த வசதி இது. கூடவே சில தவறான நம்பிக்கைகளும் இறங்கிவிட்டன.

“லெவல் 2 என்றால் பாதி ஓட்டுநர் வேலையை வண்டி பார்த்துக்கொள்ளும்.”
இல்லை. ஸ்டீயரிங், வேகம் இரண்டிலும் கைகொடுக்கும். பொறுப்பு முழுக்க உங்களுடையதே. சாலையிலிருந்து கண்ணை எடுக்கலாம் என்பது லெவல் 3-இல்தான் தொடங்குகிறது. மெர்சிடிஸ் 2022-இல் ஜெர்மனியில் அதை விற்கத் தொடங்கியபோதுகூட, குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில், 60 கி.மீ. வேகத்துக்குள் மட்டுமே அனுமதி. நம் ஊரிலோ, ஓடும் காரில் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து ரீல்ஸ் எடுக்கிறார்கள்!

“எது தானாக நன்றாக ஓட்டுகிறதோ அதுவே சிறந்தது.”
ஒப்பீடுகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 2020-இல் ஐரோப்பிய கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 10 கார்களின் உதவி அமைப்புகளைச் சோதித்தது. டெஸ்லா மாடல் 3 தொழில்நுட்பத் திறனில் நல்ல மதிப்பெண் வாங்கியது. ஆனாலும் மொத்தத்தில் ‘சுமார்’ ரகம் என்றே தீர்ப்பு. ஓட்டுநரைக் கவனமாக வைத்திருப்பதில் அது கோட்டை விட்டிருந்தது. உதாரணமாக, சாலையில் பள்ளம் வருகிறது, நீங்கள் ஸ்டீயரிங்கை லேசாக ஒடிக்கிறீர்கள் என்று வையுங்கள். நல்ல அமைப்பு விட்டுக்கொடுத்து, பள்ளம் தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும். மோசமானது உங்களோடு மல்லுக்கட்டும், அல்லது மொத்தமாக அணைந்துவிடும். இதே கோணத்தில் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐஐஹெச்எஸ் 2024-இல் 14 அமைப்புகளை ஆராய்ந்து, 11-ஐ ‘மோசம்’ என்றது. அவை சரியாக ஓட்டவில்லை என்பதல்ல குற்றச்சாட்டு. ஓட்டுநர் அசந்துபோவதைத் தடுக்கவில்லை என்பதுதான்.

“நம் சாலைக்கு இதெல்லாம் தண்டச் செலவு.”
பாதி சரி. கோடே இல்லாத சாலையில் தடம் காக்கும் வசதியால் பயனில்லை. முன்வண்டியோடு இடைவெளி விட்டு ஓடும் குரூஸ் கன்ட்ரோலோ, அந்த இடைவெளியில் ஒரு பைக் நுழைந்ததும் வெடுக்கென்று வேகம் குறைக்கும். பின்னால் வருபவர் தயாராக இருக்கமாட்டார். ஆனால் தானியங்கி அவசர பிரேக் கதை வேறு. அது பொருத்திய கார்கள் முன்வண்டியின் பின்புறம் இடிக்கும் விபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை அதே ஐஐஹெச்எஸ் போலீஸ் பதிவுகளிலிருந்து கண்டது.

அதற்கும் எல்லை உண்டு. அமெரிக்க மோட்டார் சங்கமான ஏஏஏ 2019-இல் நடத்திய சோதனையில், பாதசாரியைக் கண்டு நிறுத்தும் வசதி இரவில் கைவிரித்துவிட்டது. நிற்கும் பொருள் இன்னொரு சிக்கல். மேம்பாலம், பெயர்ப்பலகை எல்லாம் ரேடாருக்கு ‘நிற்கும் பொருள்’தான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓடாது என்பதால், வேகமாகப் போகும்போது அசையாத பொருள்களைப் பல அமைப்புகள் பொருட்படுத்துவதில்லை. இரவில் விளக்கோ ரிஃப்ளெக்டரோ இல்லாமல் நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் லாரிக்கு இன்றும் உங்கள் கண்தான் காவல்.

“ரேடார் இருந்தால் உசத்தி, கேமரா மட்டும் என்றால் மட்டம்.”
சுபாருவின் ‘ஐசைட்’ இரண்டு கேமராக்களை வைத்தே பல ஆண்டுகள் நற்பெயர் வாங்கியது. சென்சார்களின் வகை, எண்ணிக்கையைவிட, கிடைத்த தகவலை மென்பொருள் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதே முக்கியம்.

“பராமரிப்பே வேண்டாம்.”
முன்கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவுத்திருத்தம் செய்தாக வேண்டும். ஆயுதபூஜைச் சந்தனமும் மாலையும் கேமரா இருக்கும் இடத்தை மறைக்கக் கூடாது.

என் வரிசை இது: பணம் அளவாகத்தான் இருக்கிறதென்றால் ஆறு ஏர்பேக்கும், வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்சியும் முதலில், அடுத்து அவசர பிரேக், தடம் காப்பது கடைசி. ‘எத்தனை அம்சம்’ என்று கேட்காதீர்கள். அவசர பிரேக் எந்த வேகம் வரை வேலை செய்யும், இருசக்கர வாகனத்தைக் கண்டுகொள்ளுமா, இரவில் எப்படி என்று கேளுங்கள். விற்பனையாளர் மழுப்பினால் பயனர் கையேட்டை வாங்கி, எச்சரிக்கைப் பக்கங்களைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.