“காலி வண்டிதானே!”: ஒரு லோடு பிக்கப்பின் மைலேஜ் கணக்கு

எங்க சித்தப்பா பிக்கப் ஓட்டுறார். சொந்த வண்டி, இ.எம்.ஐ. இன்னும் முடியல. தேங்காய்த்திட்டு துறைமுகத்துல மீன் பெட்டி ஏத்திக்கிட்டு, திண்டிவனம் வழியா சென்னைக்குப் போய் இறக்கிட்டு, காலி வண்டியோட திரும்புவார். போன செமஸ்டர் லீவுல நான் வீட்டுக்குப் போனப்போ ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டிருந்தது. “வண்டி மைலேஜ் குடுக்கல. நாசில், பம்பு எல்லாம் மாத்தணும்ங்கிறான் மெக்கானிக். இல்லேன்னா வித்துடலாம்னு பாக்குறேன்” என்றார். சித்தி ஒண்ணும் பேசல. தங்கச்சிக்கு அடுத்த வருஷம் காலேஜ் ஃபீஸ் கட்டணும்.

“நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, இன்ஜினியர் சார், சொல்லேன்” என்று என்னைப் பார்த்து சிரித்தார். அந்த சிரிப்புக்குப் பதில் சொல்ல எனக்கு மூணு வாரம் ஆச்சு. அதைத்தான் இங்கே எழுதுறேன். தெர்மோவும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் எதுக்குடா படிக்கிறோம் என்று கேட்கிற ஜூனியர்களும் படிக்கலாம்.

முதல்ல கம்பெனி சொல்ற மைலேஜ். அது பொய் இல்லை, ஆனா நாம கேட்காத கேள்விக்கான பதில். நம் நாட்டில் 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டிகளைச் சாலையில் ஓட்டிப் பார்த்து மைலேஜ் எடுப்பதில்லை. உருளை மேல் சக்கரத்தை நிறுத்தி, சேசிஸ் டைனமோமீட்டரில், ‘மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி’ என்ற ஒரே அட்டவணைப்படி 1,180 விநாடி ஓட்டுகிறார்கள். உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. சராசரி வேகம் 32 கி.மீ. பக்கம்தான். இதில் சரக்கு வண்டிக்காரர் கவனிக்க வேண்டியது எடை. டைனமோமீட்டரில் செட் பண்ணுவது காலி வண்டியின் எடையோடு 150 கிலோ. அவ்வளவுதான். டிரைவரும் கிளீனரும் ஏறினாலே அந்த 150 தீர்ந்துபோச்சு. மீன் பெட்டிக்கு அங்கே இடமே இல்லை.

அமெரிக்காவில் முழு அளவு பிக்கப்புக்கும் இதே தலைவலி உண்டு. அங்கே 2008 மாடல் வண்டிகளில் இருந்து அதிவேகம், ஏ.சி., குளிர் காலம் ஆகியவற்றுக்கான சோதனைகளையும் சேர்த்து ஸ்டிக்கர் எண்ணைக் கீழே இறக்கினார்கள். ஆனால் மொத்த எடை 8,500 பவுண்டு, அதாவது சுமார் 3,855 கிலோவைத் தாண்டும் பெரிய பிக்கப்புக்கு மைலேஜ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கட்டாயமே கிடையாது! ஃபோர்டு எஃப்-150 வண்டிக்கு 2015 மாடலில் அலுமினிய பாடி போட்டு 700 பவுண்டு வரை எடை குறைத்தது பெரிய செய்தியானது. அங்கே பல பிக்கப்கள் பின்னால் ஒண்ணுமே இல்லாமல் ஆபீஸ் போய் வருபவை. அதனால் வண்டியின் சொந்த எடையே பெரிய விஷயம். நம்ம ஊர் கதை வேற. 2005ல் டாடா ஏஸ் வந்தப்போ 700 சி.சி. சொச்சம் இருந்த ரெண்டு சிலிண்டர் என்ஜின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. ‘குட்டியானை’ன்னு பேரு வெச்சது நம்ம ஜனங்க. 2011ல் ஓசூரில் இருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் ஒண்ணேகால் டன் சுமையோட வந்தது. இந்த வகை வண்டிகளில் வண்டியோட எடையும் சரக்கோட எடையும் கிட்டத்தட்ட சமம். போகும்போது ஒரு வண்டி, வரும்போது வேற வண்டி என்றே சொல்லலாம்.

இப்போ கணக்குக்கு வருவோம். புரியறதுக்காக முழு எண்களாக எடுத்துக்கறேன். டிரைவரோடு காலி எடை 1,300 கிலோ, சரக்கு 1,200 கிலோ, மொத்தம் 2,500. நேர் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது என்ஜின் இரண்டு எதிரிகளோடுதான் சண்டை போடுகிறது. ஒன்று டயரின் உருளல் தடை. அது எடையைப் பொறுத்தது. தடைக் குணகம் 0.01 என்று வைத்தால் காலி வண்டிக்கு 127 நியூட்டன், லோடு வண்டிக்கு 245 நியூட்டன். இன்னொன்று காற்று. அதற்கு எடை எவ்வளவு என்று தெரியவே தெரியாது. முகப்புப் பரப்பு 2.8 சதுர மீட்டர், இழுவைக் குணகம் 0.5, நம்ம வெயிலில் காற்றின் அடர்த்தி 1.15 என்று போட்டால், 60 கி.மீ. வேகத்தில் 224 நியூட்டன், 80 கி.மீ. வேகத்தில் 397 நியூட்டன். வேகம் மூணில் ஒரு பங்கு கூடினால் காற்றுத் தடை முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. வேகத்தின் வர்க்கம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஒரு நியூட்டன் விசையை 100 கி.மீ. தூரம் தள்ளினால் 0.1 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் இருக்கு. அதில் கால் பங்கு சக்கரத்துக்கு வந்து சேருது என்று வைத்தால் லிட்டருக்கு 9 மெகாஜூல். உண்மையில் இந்தக் கால் பங்கு என்பது நிலையானது இல்லை. லோடு குறைந்தால் என்ஜினின் திறனும் குறையும். அது காலி வண்டிக்கு இன்னும் பாதகம்தான், அதனால் இப்போதைக்கு விட்டுடுவோம்.

லோடு வண்டி, 60 கி.மீ. வேகம்: 245 + 224 = 469 நியூட்டன். 100 கி.மீ.க்கு 5.2 லிட்டர்.

காலி வண்டி, 80 கி.மீ. வேகம்: 127 + 397 = 524 நியூட்டன். 100 கி.மீ.க்கு 5.8 லிட்டர்.

இந்த ரெண்டு வரியையும் இன்னொரு தடவை படிங்க. 1,200 கிலோ மீனோட 60ல் போற வண்டியை விட, ஒண்ணுமே இல்லாம 80ல் திரும்புற வண்டி அதிகமா குடிக்குது. இதை நான் சித்தப்பாவிடம் சொன்னப்போ, “போடா, காலி வண்டிதானே! பறக்குது பாரு, அதுக்கு எதுக்கு டீசல்?” என்றார். காலில் ஆக்சிலரேட்டர் லேசாகத் தெரிகிறது. அதனால் டீசலும் லேசாகத்தான் போகும் என்று தோன்றும். அதே காலி வண்டியை 60ல் ஓட்டினால் 3.9 லிட்டர்தான். ஹைவேயில் 150 கி.மீ. என்றால் வித்தியாசம் 2.9 லிட்டர். அதைக் கொடுத்து அவர் வாங்குவது 37 நிமிஷம்.

பெட்டியை கேபினுக்கு மேலே உயரமாக அடுக்கி, தார்ப்பாயை லூசாகக் கட்டினால் முகப்புப் பரப்பும் கூடும். 30 சதவீதம் கூடினாலே 80 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ.க்கு 1.3 லிட்டர் கூடுதல். காலிப் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவரும்போதும் அதே கதைதான். தெர்மோகோல் பெட்டிக்கு எடை இல்லை, பரப்பு உண்டு.

ஊருக்குள்ளே எதிரி வேற. அங்கே காற்று இல்லை, பிரேக்தான். ராஜீவ் காந்தி சிலை சிக்னலைச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தாண்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 40 கி.மீ. வேகத்தில் போகிற 2,500 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் 154 கிலோஜூல். பிரேக் அடித்தால் அத்தனையும் டிரம்மில் சூடாகிப் போச்சு. மறுபடி அந்த வேகத்துக்கு வர 17 மில்லி டீசல். இதை உயரமாக மாற்றிப் பார்த்தால் 6.3 மீட்டர் வரும். அதாவது ஒவ்வொரு தடவை நின்று கிளம்பும்போதும் மீனோடு சேர்த்து வண்டியை ரெண்டு மாடி உயரத்துக்குத் தூக்குகிறோம். கோரிமேடு செம்மண் மேடு சுமார் 30 மீட்டர் உயரம். அப்போ அஞ்சு பிரேக் ஒரு கோரிமேடு! எங்க வகுப்பில் இப்போ இதுதான் ஆற்றலுக்கு அலகு. “இன்னிக்கு நாலு கோரிமேடுடா” என்றால் டிராஃபிக் ஜாஸ்தி என்று அர்த்தம். (மேடு ஏறினால் இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். பிரேக்கில் போனது போனதுதான்.)

தியரி சரி, நிஜ வண்டியில் அளக்கணுமே. வழி ஒண்ணுதான்: ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, எத்தனை லிட்டர் ஏறியது என்று பார்ப்பது. எல்லாருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. ஏன்னா பெரும்பாலான லோடு வண்டிக்காரர்கள் கையில் இருப்பதைப் பொறுத்து ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும்தான் போடுகிறார்கள். முள்ளு எங்கே நிக்குது என்று பார்த்து மைலேஜ் சொல்வது ஜோசியம். நடுவில் சில்லறையாகப் போட்டாலும் பரவாயில்லை, ரசீதைக் கூட்டிக்கலாம், முதலும் கடைசியும் ஃபுல்லாக இருந்தால் போதும். அதே பங்க், அதே பம்பு, முதல் தடவை ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திடணும். டீசல் நுரைக்கும், அதனால் அரை லிட்டர் முன்னே பின்னே ஆகும். 5 லிட்டர் போட்டு அளந்தால் அது 10 சதவீதப் பிழை, 20 லிட்டர் என்றால் 2.5 சதவீதம்தான். தேய்ந்த டயர், ரீட்ரெட் டயர் என்றால் ஓடோமீட்டரையும் ஒரு தடவை ஜி.பி.எஸ். வைத்துச் சரிபார்க்கணும்.

போக்கையும் வரத்தையும் தனித்தனியா அளக்க, சென்னையில் சரக்கு இறக்கியதும் அங்கேயும் ஒரு தடவை ஃபுல் பண்ணச் சொன்னேன். அதுக்குத்தான் பெரிய எதிர்ப்பு. “நம்ம ஊர்ல கம்மியா இருக்கும்போது தமிழ்நாட்டுல போய் டீசல் போடணுமா?” நியாயம்தான். வரி வித்தியாசத்தால் புதுச்சேரியில் டீசல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அதுக்காகவே கடலூர், விழுப்புரம் வண்டிகள் முள்ளோடையிலும் கோரிமேட்டிலும் வந்து நிக்கும். கடைசியில் ஆறு டிரிப்புக்கு மட்டும் சம்மதித்தார். மூணு டிரிப் வழக்கம்போல ஓட்டுவது, மூணு டிரிப் திரும்பும்போது மட்டும் 60, 65ஐத் தாண்டாமல் ஓட்டுவது.

முதல் மூணு டிரிப்பின் சராசரி: போகும்போது 100 கி.மீ.க்கு 7.6 லிட்டர், காலியா வரும்போது 6.5 லிட்டர். அடுத்த மூணில் வரத்து மட்டும் 4.9 ஆனது. ஆறு டிரிப்பை வைத்து பேப்பர் எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். காற்று, டிராஃபிக், மழை எல்லாம் உள்ளே இருக்கு. ஆனா 6.5க்கும் 4.9க்கும் இடையில் இருப்பது நுரைப் பிழை இல்லை.

சித்தப்பாவுக்கு இந்த எண்கள் பிடிபடலை. “லிட்டருக்கு எவ்வளவுன்னு சொல்லுடா.” சரி, வழக்கமான டிரிப்பில் போக 13.2, வர 15.4. அவர் மனசில் வைத்திருந்தது போக 13, வர 19, சராசரி 16. அதை வைத்துத்தான் மீன் ஏஜென்டிடம் டிரிப் வாடகை பேசியிருந்தார். இதில் ரெண்டு ஓட்டை இருக்கு. வர 19 என்பது நடக்கவே இல்லை. இன்னொண்ணு, மைலேஜைக் கூட்டி ரெண்டால் வகுக்கக் கூடாது. ஊருக்குள்ளே 10, ஹைவேயில் 20, ரெண்டிலும் ஒரே தூரம் என்றால் சராசரி 15 இல்லை, 13.3தான். 100 கி.மீ.க்கு 10 லிட்டரும் 5 லிட்டரும் ஆகும், நடுவில் 7.5 லிட்டர். தலைகீழாக்கினால் 13.3. ப்ளஸ் டூவில் இசைச் சராசரின்னு ஒண்ணு படிச்சோமே, அதே ஆள். நான் லிட்டரை மேலே வைத்துப் பேசியதற்குக் காரணம் இதுதான். கி.மீ./லிட்டர் என்ற எண் கண்ணைக் கட்டும். பைக் 50ல் இருந்து 60 ஆனால் 100 கி.மீ.க்கு மூணில் ஒரு பங்கு லிட்டர்தான் மிச்சம். லோடு வண்டி 10ல் இருந்து 12 ஆனால் 1.7 லிட்டர் மிச்சம். பார்க்க 2தான், பணத்தில் அஞ்சு மடங்கு.

ஒரு டிரிப் போக வர 320 கி.மீ. அவர் கணக்கில் 20 லிட்டர். நிஜத்தில் 22.6. மாசம் 20 டிரிப்புக்கு 52 லிட்டர். லிட்டர் 85 ரூபாய்னு வெச்சாலே 4,400 ரூபாய்க்கு மேல் வாடகையில் கேட்காமல் விட்டிருக்கார், அதுவும் வருஷக் கணக்கா. அந்தத் தாளை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தார். திட்டுவார்னு நினைச்சேன். “இதை உங்க சித்திகிட்ட இப்போ சொல்லாத” என்றார்.

நாசிலைக் கழட்டி டெஸ்ட் பண்ணியதில் ஒண்ணு மட்டும் சரியா ஸ்ப்ரே ஆகலைன்னு தெரிஞ்சு, அதை மட்டும் மாத்தினார். ஆக மெக்கானிக் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. பம்பை யாரும் தொடலை. டயரில் காற்று, நாலிலும் கம்பெனி சொன்னதை விடக் குறைவாத்தான் இருந்தது. அது பைசா செலவில்லாத வேலை.

வாடகையை ஏத்திக் கேட்டப்போ ஏஜென்ட் முதல்ல ஒத்துக்கலை. சித்தப்பா நோட்டைக் காட்டியிருக்கார், ரசீதோட. பாதிக்கு வந்தாங்களாம். வண்டி விக்கிற பேச்சு இப்போதைக்கு இல்லை. திரும்பும்போது 65ல் வர்றாரான்னு கேட்டேன். “வர்றேன் வர்றேன், சனிக்கிழமை மட்டும் கேக்காத” என்றார். சனிக்கிழமை ராத்திரி தங்கச்சி தூங்குறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வரணுமாம்.