'டு' எங்கே போடுவது?

கல்முனைக் கடைகளில் வேலைக்கு நிற்கிற நம்ம பிள்ளைகள் இங்கிலீசில் லீவுக் கடிதம் எழுதும்போது 'டு' என்ற சின்னச் சொல்லில்தான் தடுமாறுவார்கள். 'கல்முனைக்குப் போக விரும்பினேன்' என்பதை 'ஐ வான்டட் டு கோ டு கல்முனை' என்போம். முதல் 'டு' நம் 'போக'வின் கடைசி 'அ'; இரண்டாவது, 'கு'. காலத்தை 'விரும்பினேன்'தான் காட்டுகிறது, 'போக' காட்டாது. ஆங்கிலத்திலும் அப்படியே. ஆகையால் 'டு வென்ட்' என்று எழுதவே கூடாது. கேன், மஸ்ட் வந்தால் 'டு' வேண்டாம்: 'ஐ மஸ்ட் கோ'.

இதையும் கவனியுங்க. 'ஸ்டாப்ட் வொர்க்கிங்' என்றால் வேலையை நிறுத்தினார். 'ஸ்டாப்ட் டு வொர்க்' என்றால் வேலை செய்வதற்காக நின்றார். சேவைக் கடிதத்தில் இது மாறிப்போனால் ஈ.பி.எப். காசுக்கு வீணாய் அலையணும்.