வரப்போரம் ஒரு பவழமல்லி

"பூ மரம் வெச்சா சோறு கெடைக்குமா?" பவழமல்லிக் கன்று ஒன்றைக் கையில் கொடுத்தால் பல உழவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். அதனால் வளர்ப்பைச் சொல்வதற்கு முன், இந்த மரம் நம் நிலத்துக்கு ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் தோட்டத்தில் தேனீயைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இரவில் வேலை செய்யும் அந்துப்பூச்சிகளை யாரும் கணக்கில் வைப்பதில்லை. பவழமல்லி பொழுது சாயும்போது மலர்ந்து, இரவெல்லாம் மணத்து, விடியும்போது உதிர்ந்துவிடும். வெள்ளை நிறமும் மணமும் இரவுப் பூச்சிகளுக்கான அழைப்பு. நாட்டுப் பப்பாளியில் ஆண் மரத்து மகரந்தத்தைப் பெண் மரத்துக்குக் கொண்டுபோவதிலும் இந்த அந்துப்பூச்சிகளுக்குப் பங்கு உண்டு. எள்ளுச் செடியைக் கடிக்கும் பெரிய கொம்புப் புழுவும் இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான், மறுக்கவில்லை. அதைக் கையால் பொறுக்கிவிடலாம். அதற்காக விஷம் அடித்தால் மகரந்தம் சுமக்கிற பூச்சியும் சேர்ந்து சாகும்.

கன்று உருவாக்குதல்

நாற்றுப் பண்ணையில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. காய் தட்டையாக, வட்டக் காசு மாதிரி இருக்கும். பழுப்பு நிறமாகிக் காய்ந்ததும் பறித்தால் உள்ளே இரண்டு விதை இருக்கும். பழைய விதை சரியாக முளைக்காது; புது விதையை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, மண், மணல், மட்கிய தொழுவுரம் சம அளவு கலந்த பையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்கச் சில வாரங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

போத்து வெட்டியும் வைக்கலாம். மழைக்காலத்தில் பென்சில் பருமனுள்ள, பாதி முற்றிய கிளையை 6 முதல் 8 அங்குலம் வெட்டி, அடிப்பக்கத்தைச் சோற்றுக்கற்றாழைச் சோற்றில் தொட்டு நிழலில் நடுங்கள். போத்துக் கன்று விதைக் கன்றைவிடச் சீக்கிரம் பூக்கும்.

நடவும் பராமரிப்பும்

- இடம்: ஒரு நாளைக்கு 5, 6 மணி நேரமாவது வெயில் விழணும். தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகவே ஆகாது, வேர் அழுகிவிடும். தெருவிளக்கு அடியில் வேண்டாம். இரவுப் பூச்சிகள் பூவை விட்டுவிட்டு விளக்கைச் சுற்றும்.
- குழி: 2 அடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணோடு இரண்டு கூடை தொழுவுரம், இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. மரத்துக்கு மரம் 10 அடி.
- தண்ணீர்: முதல் வருடம் வாரம் இருமுறை. வேர் பிடித்த பிறகு கோடையில் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அடியில் சருகு மூடாக்கு போடுங்கள்.
- ஊட்டம்: மாதம் ஒருமுறை அமுதக்கரைசல் வேரில். பூக்கும் முன் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா தெளிப்பு.
- கவாத்து: புதுத் தளிரில்தான் பூ வரும். பூத்து ஓய்ந்த பிறகு, தை, மாசியில் மூன்றில் ஒரு பங்கு கிளையை வெட்டிவிடுங்கள். வெட்டாமல் விட்டால் ஒல்லியாக உயர்ந்து, பூ உச்சிக்குப் போய்விடும்.
- பூச்சி: மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். போகவில்லை என்றால் 10 லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசலுடன். பூ மலரும் மாலை நேரத்தில் எதையும் தெளிக்காதீர்கள், காலையில் தெளியுங்கள்.

கோடையில் இலை கொட்டினால் "மரம் பட்டுப்போச்சு" என்று வெட்டிவிடாதீர்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் மழைக்குத் துளிர்க்கும்.

பயன்

உதிர்ந்த பூவின் ஆரஞ்சுக் காம்பை நிழலில் உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்தால் மஞ்சள் சாயம் இறங்கும். குங்குமப்பூவுக்கு நிறம் தரும் குரோசெட்டின்தான் இதிலும் இருக்கிறது. வெயிலில் வெளுக்கும் சாயம் இது. துணியைப் படிகாரத் தண்ணீரில் முன்கூட்டி நனைத்தால் கொஞ்சம் நிற்கும்.

இலைக் கசாயத்தை மூட்டுவலிக்கும் காய்ச்சலுக்கும் நம் வீடுகளில் காலங்காலமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன்: டெங்கு காலத்தில் "பவழமல்லி இலை போதும்" என்று பரவும் பேச்சை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மரத்தின் மேல் உள்ள மதிப்பு ஒரு உயிரை வாங்கிவிடக் கூடாது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். சோறு நேரடியாகக் கிடைக்காதுதான். வயலுக்கு உழைக்கிற பூச்சிக்கு ராத்திரிச் சோறு போட யாராவது வேண்டாமா? பப்பாளித் தோட்டத்து வரப்பில் ஒரு கன்று வைத்துப் பாருங்கள். ஐப்பசி இரவில் விளக்கை அணைத்துவிட்டு மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாலே, யாரெல்லாம் வேலைக்கு வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.