படையும் பொருளும்

நம் மாணவர் சிலர் கணினியில் விரும்பி ஆடும் 'யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4' என்னும் வரலாற்று விளையாட்டு 2013இல் வெளிவந்தது. 1444 முதல் 1821 வரையான காலத்தில் ஒரு நாட்டை ஆள்வதே அதன் பொருள். அதிலுள்ள வரவுசெலவுப் பாடத்தை நாம் இங்கு நோக்குவோம்.

வரி, உற்பத்தி, வணிகம் ஆகியவற்றால் பொருள் வருகிறது. படைக்கும் கோட்டைகளுக்கும் ஆலோசகர்களுக்கும் செலவாகிறது. மாத வருமானம் 10 நாணயம் எனக் கொள்வோம். படைக்கு 6, ஏனையவற்றுக்கு 3 செலவாயின் 1 மிஞ்சும். படைச் செலவை ஒன்றரை மடங்காக்கினாலோ மாதந்தோறும் 2 குறையும். கையிருப்புத் தீர்ந்தால் கடன். பின்னர் வட்டிக்கும் கடன்.

அமைதிக் காலத்தில் படைப் பராமரிப்பைக் குறைக்கலாம். ஆயின் வீரரின் மனவுறுதியும் குறையும். போர் மூளுமுன் அதனை உயர்த்திவிட வேண்டும்.

வரலாறும் இதையே கூறுகிறது. 1778இல் அமெரிக்க விடுதலைப் போரில் இறங்கிய பிரான்சு, பெரும்பாலும் கடன் கொண்டே போரிட்டது. 1783இல் வெற்றி கிட்டியது. ஆனால் 1788இல் அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி கடனுக்கே போயிற்று. பணமுடை தீர்க்க வழிதேடிய மன்னர் பதினாறாம் லூயி, 1789 மே மாதத்தில் மூன்று வகுப்பினரின் பேரவையைக் கூட்டினார். யூலையில் புரட்சி வெடித்தது. போரில் வென்ற அரசு கடனில் வீழ்ந்தது.

திருக்குறளில் 'படைமாட்சி' 77ஆம் அதிகாரம்; அதற்கு முன்னுள்ள 76ஆம் அதிகாரம் 'பொருள் செயல்வகை'. இவ்வரிசையை மாணவர் மனத்திற் கொள்க. பெற்றோரும் பிள்ளைகளின் அருகமர்ந்து, "இம்மாத வரவு எவ்வளவு? செலவு எவ்வளவு?" எனக் கேட்டல் நன்று.

பயிற்சி: மேற்கூறிய நாடு படைச் செலவை உயர்த்தியபோது கையிருப்பு 24 நாணயம். அது எத்தனை மாதம் தாங்கும்? அதற்குள் போர் முடியாவிடின் நீங்கள் யாது செய்வீர்கள்?