பேரிக்காய் மது: பழத்தின் போக்கில் ஒரு செய்முறை

இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷையர், ஹெரஃபோர்ட்ஷையர், வூஸ்டர்ஷையர் பகுதிகளில் பல நூற்றாண்டுகளாகப் பேரிக்காய்ச் சாற்றைப் புளிக்கவைத்து ‘பெர்ரி’ என்ற மதுவைச் செய்கிறார்கள். ஆப்பிள் சைடர் செய்து பழகியவர்கள் அதே முறையில் இதையும் செய்துவிடலாம் என்று இறங்கினால் ஏமாந்துபோவார்கள். பேரிக்காயின் கணக்கே வேறு.

முதலில் பழம். சாப்பிடும் பேரிக்காயில் செய்தால் சப்பென்று இருக்கும். தார்ன், பட், பிளேக்னி ரெட் போன்ற மதுவுக்கான ரகங்களே வேண்டும். இவற்றில் பலவற்றைப் பச்சையாகக் கடித்தால் வாயே துவர்த்துப்போகும். அந்தத் துவர்ப்புதான் மதுவுக்கு நாவில் ஒரு கனத்தைத் தருகிறது.

அடுத்தது நேரம். என் பார்வையில் பாதி வேலை இதில்தான். பேரிக்காய் உள்ளிருந்து வெளியே பழுக்கும். தோல் கெட்டியாக இருக்கும்போதே நடுப்பகுதி பழுப்பேறி அழுகத் தொடங்கியிருக்கும். தார்ன் ரகத்தைப் பறித்த ஒரு வாரத்துக்குள் அரைத்துவிட வேண்டும். பட் ரகமோ வாரக்கணக்கில் காத்திருக்கும். தினமும் இரண்டு மூன்று பழங்களை நடுவாக வெட்டிப் பாருங்கள். வெளியே தடவிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

கழுவி, அழுகலைத் தள்ளி, அரையுங்கள். ஆப்பிளாக இருந்தால் உடனே பிழியலாம். துவர்ப்பு மிகுந்த பேரிக்காய் விழுதை இரவு முழுக்க மூடிவைத்து மறுநாள்தான் பிழிய வேண்டும். துவர்ப்பில் ஒரு பகுதி அதற்குள் திரண்டு சக்கையோடு தங்கிவிடும். இதைத் தவிர்த்தால் பின்னால் புட்டியில் மது கலங்கும்.

ஹைட்ரோமீட்டரில் சாற்றின் அடர்த்தி 1.050-க்கு மேல் இருந்தால் நல்லது. பேரிக்காயில் சிட்ரிக் அமிலம் இருப்பதால், பாக்டீரியா புகுந்தால் அது வினிகர் அமிலமாக மாறிவிடும். எனவே சுத்தத்தில் கஞ்சத்தனம் கூடாது. 4.5 லிட்டர் சாற்றுக்கு, பாக்டீரியாவை அடக்கும் கேம்ப்டன் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டு, 24 மணி நேரம் கழித்து ஈஸ்ட் சேருங்கள். வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடியைப் பொருத்தி, 15 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்ந்த அறையில் வையுங்கள். நுரை அடங்கியதும் வண்டலை விட்டு வேறு கலனுக்கு மாற்றுங்கள். கலன் விளிம்புவரை நிறைந்திருக்கட்டும். காற்றுக்கு இடம் தராதீர்கள்.

பேரிக்காயில் உள்ள சார்பிட்டாலை ஈஸ்ட்டால் புளிக்கவைக்க முடியாது. ஆகவே அடர்த்தி 1.000-க்கு இறங்காமலே நின்றுவிடலாம். மெல்லிய இனிப்பும் மிஞ்சும். அது குறையல்ல, இந்த மதுவின் அழகே அதுதான். சில வாரங்கள் அடர்த்தி மாறாமல் நின்றபிறகே புட்டியில் அடையுங்கள். பாதியில் அடைத்தால் அழுத்தம் ஏறிப் புட்டி வெடிக்கும். இரண்டு ரகத்து மதுவைக் கலக்க விரும்பினால் முதலில் ஒரு கோப்பையில் கலந்து சில நாள் வைத்துப் பாருங்கள். தெளிந்த இரண்டும் சேர்ந்து கலங்குவதுண்டு.

வீட்டில் மது செய்ய உங்கள் ஊர்ச் சட்டம் இடம் தருகிறதா என்பதைத் தொடங்கும் முன்பே பாருங்கள். குடிக்கும்போது முதல்முறை சிறு கோப்பையோடு நிறுத்துங்கள். சார்பிட்டால் அதிகமானால் வயிற்றைக் கலக்கும்.